இரண்டாவது தந்திக்கு விளக்கம்

போடிநாயக்கனூர்,
21-11-1985.

அன்பு மகள் சந்திரவல்லிக்கு அப்பா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளை ராஜாராமுக்கும் பேரனுக்கும் எங்கள் இருவருடைய ஆசிகள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று கடிதத்தின் தலையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகும், மனம் வேறு எங்காவது இருக்கும். இன்றைக்கு அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அதையே மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இங்கே உன் அம்மா சுகம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை.

ஆபரேஷனை நிறுத்திவிட்டோம், காத்திருக்கிறோம் என்று நீ அடித்த தந்தி நேற்று முற்பகல் வந்து சேர்ந்தது. நம் தெருவில் தந்திக்காரர் சைக்கிளைத் திருப்பினாலே நாலு வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். இப்போது தந்தி கொண்டு வருகிறவர் அமாவாசை என்று ஒருவர், நல்ல மனிதர், விதிப்படி அவர் அதைப் படிக்கக் கூடாதுதான், ஆனால் தெருமுனையிலேயே மணியை அடித்துக்கொண்டு, ஆத்தா, நல்ல சேதிதான், நல்ல சேதிதான், ஒப்பாரியை ஆரம்பிச்சிராதீக என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். உன் அம்மா அரைத்துக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்து தந்தியை வாங்கி, அதிலே மாவு ஒட்டி, அதை நான் துடைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. படித்ததும் அவள் அழவும் இல்லை சிரிக்கவும் இல்லை. அடுப்பைப் பாத்துட்டு வர்றேன் என்று உள்ளே போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில நாட்களுக்குள் அப்பாவிடமிருந்து உனக்கு இரண்டு தந்திகள் வந்திருக்கின்றன. முதலாவது, உடனே ஆபரேஷன் செய்துகொள் என்பது. இரண்டாவது, செய்துகொள்ளாதே என்பது. பிறந்ததிலிருந்து நான் உனக்கு இதைச் செய் என்று கண்டிப்பாகச் சொன்னதே கிடையாது. படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கூட உன் விருப்பம் எப்படியோ அப்படி என்றுதான் சொன்னேன். அப்படிப்பட்டவன் முதல் தடவையாக ஒன்றை அடித்துச் சொல்லி, அதையும் மாற்றிச் சொன்னால் எது நிஜம் என்ற சந்தேகம் உனக்கு வரும். பயந்த மனிதர், யாரோ பயமுறுத்தியிருப்பார்கள், பின்வாங்கிவிட்டார் என்று நீ நினைத்துவிடக் கூடாது. உடனே எடுக்க வேண்டும் என்ற அந்த சர்ஜனை அடுத்த மாதம் நீ மறுபடி பார்க்கும்போது அவர் மறுபடியும் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வரிசையாக உனக்குத் தெரிந்துவிட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வைகாசியில் அங்கே அயல் தேசத்தில் உனக்கு வலிப்பு வந்து நீ விழுந்ததாகவும், மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்குரிய இடத்தை ஒட்டி ஒரு கட்டி இருப்பதாகவும், அது மெதுவாக வளரும் ஜாதி என்றும் மாப்பிள்ளை எழுதியதிலிருந்து நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை. ஒரு டாக்டர் உடனே எடுத்துவிட வேண்டும் என்கிறார், எடுத்தால் பேச்சுப் போனாலும் போகலாம், இன்னொரு டாக்டர் கட்டியின் போக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம் என்கிறார், அது எப்படிப் போகும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளப் புது விதமாக ஒரு படம் எடுக்கப் போகிறார்கள் என்று புரட்டாசியில் நீ எழுதினாய். அந்தப் படத்தைத்தான் விடுமுறைக்கு மதுரை வந்த உன் சிநேகிதி மூலம் கொடுத்தனுப்பினாய். கூடவே உன் கையெழுத்தில் ஒரு சின்னத் தாள். நான் மிக நன்றாக இருக்கிறேன், கவலையே வேண்டாம், படத்தின் விவரத்தை இவர் தபாலில் தனியே எழுதுகிறார், எடுப்பதா காத்திருப்பதா என்பதில் அப்பாவின் அபிப்பிராயமும் வேண்டும் என்று. மாப்பிள்ளையின் கடிதம் தபாலில் எங்கேயோ நின்றுவிட்டது, படம் முதலில் வந்துவிட்டது. எல்லாக் குழப்பத்துக்கும் அதுதான் ஆரம்பம்.

நீ நன்றாக இருக்கிறேன் என்று எழுதியதை உன் அம்மா நம்பவில்லை. மொத வரியிலயே மிக நன்றாக இருக்கேன்னு எழுதியிருக்காளே, உங்களுக்கு அப்பவே வெளங்கலையா, உங்க அண்ணன் செத்ததுக்கு என்னான்னு தந்தி வந்துச்சு, உடம்பு சுகமில்லை உடனே வான்னுதானே வந்துச்சு என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நம் பக்கத்தில் செத்தவனைச் சீக்காளி என்றும், சீக்காளியைச் சௌக்கியம் என்றும் எழுதித்தான் பழக்கம். ஒரு படி கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு படி குறைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் நீ மிக நன்றாக இருக்கிறாய் என்றால் எவ்வளவு மோசமாக இருக்கிறாய் என்று இரண்டு பேரும் மனசுக்குள் அளந்துகொண்டு, தாளை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தை எடுத்தோம்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இருந்தது, உச்சியில் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், பச்சை, நீலம், அடியில் கறுப்பு. முப்பது வருஷம் ஏலக்காய் தரம் பார்த்தவன் கண்ணுக்கு அது வேறெப்படித் தெரியும், சொல். ஏலத்துக்கு முன்னால் மாதிரிச் சரக்கைத் தட்டுகளில் பரப்பி வைக்கும்போது முதல் தரத்தை மேலே வைப்போம், அடுத்தது அதற்குக் கீழே, கடைசியில் நிறம் மாறிக் கறுத்துப்போனது. அதே வரிசையாகத்தான் அதையும் எடுத்துக்கொண்டேன். உன் தலைக்குள் எங்கும் சிவப்பும் மஞ்சளுமாக நல்ல தரமாக இருக்க, இடது பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் கருநீலமாக ஒரு திட்டு. கடைசித் தரம். தட்டில் ஒரு காய் அப்படிக் கறுத்திருந்தால் என்ன செய்வோம், பக்கத்துக் காயில் பூசணம் ஏறுவதற்குள் பொறுக்கி எறிவோம். உன் அம்மா எட்டிப் பார்த்து, அய்யோ எம்புள்ளைக்கு அந்த எடமே கருகிப் போச்சே என்றாள்.

நான் ஒன்றைத் தனியாக முடிவு செய்கிறவன் இல்லையே, படத்தை எடுத்துக்கொண்டு பஜாரில் கமருதீன் கடைக்குப் போனேன். என் சர்வீஸ் காலத்தில் நான் தரம் சொல்ல அவர் ஏலம் கேட்பார், அந்தச் சிநேகம் உனக்குத் தெரியும். அவரும் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப்போனார். நம்ம மக மெஹ்ராஜுக்குக் கழுத்துல கட்டி வந்தப்ப எடுத்த படத்துலயும் இப்படித்தாண்ணே ஒரு எடம் கருப்பா விழுந்துச்சு, கெட்ட எடமா இருக்கும்னு எடுத்துத்தான் போட்டாக, இப்ப புள்ள கல்லுக்குண்டாட்டம் இருக்கா என்றார். அது எனக்குத் தைரியமாகவும் இருந்தது, முடிவாகவும் இருந்தது. கடையிலிருந்து நேரே தந்தி ஆபீஸ் போய் முதல் தந்தியை அடித்தேன். உடனே என்ற வார்த்தையை நான்தான் சேர்த்தேன்.

அப்பா சொன்னபடியே செய்கிறேன், தேதி குறிக்கச் சொல்லியிருக்கிறேன் என்று உன் பதில் வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுவாய், ஏன் எதற்கு என்று கேட்பாய், அதற்குள் நான் இன்னும் யோசிக்கலாம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. நீ கேட்கவே இல்லை. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக உன் மண்டையைத் திறக்கப் போகிறார்கள். கல்லூரியில் நின்று கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை, பேச்சுப் போய்விட்டால் என்ன செய்வாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் அம்மாவும் அப்போதுதான் வாய் திறந்தாள். வாயாடின்னு ஊரே சொன்ன பொண்ணு, அவ ஊமையா உக்காந்திருக்கறத நான் பாக்கணுமா, வெவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டக் காட்டாம நீங்களா எப்படி அடிச்சீக தந்தி, நீங்க என்னா டாக்டரா என்று கேட்டாள். படத்தைப் பார்த்துக் கருகிவிட்டது என்று அழுதது யார் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றியது.

விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் முடிவு செய்துவிட்டோமே என்பது கமருதீனையும் குடைந்திருக்கிறது. மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணே, கழுத்துப் படத்தை வச்சு மண்டைப் படத்தைச் சொன்னது தப்போன்னு தோணுது, மெஹ்ராஜுக்குப் படம் பாத்த டாக்டரம்மா மதுரையிலதான் இருக்காக, கடையைத் தம்பி பாத்துக்கிருவான், வெரசாக் கெளம்புங்க, ரயிலைப் புடிச்சிரலாம் என்று நான் சட்டை மாட்டுவதற்குள் குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். உசிலம்பட்டி தாண்டியதும் அவர்தான், அண்ணே, மனுச மண்டையக் கொண்டுபோய் ஏலக்காத் தட்டுல கொட்டிப் பாத்தது நாம ரெண்டு பேராத்தான் இருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் பெயர் சோலையம்மாள். மதராஸில் இந்தக் கதிரியக்க மருந்து கொடுத்துப் படம் எடுக்கிற பிரிவிலேயே பல வருஷம் இருந்தவராம். உன் படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நம் நாட்டில் இந்த யந்திரம் இன்னும் வரவில்லை, பத்திரிகைகளில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். நான் தரம் பார்த்த கதையைக் கமருதீன் அவரிடம் சொல்லிவிட்டார், எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஐயா, நீங்க பட்டையை ஒழுங்காத்தான் பாத்திருக்கீங்க, ஆனா இது தரம் காட்டுற பட்டை இல்ல, பசி காட்டுற பட்டை என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். சர்க்கரை மாதிரியான ஒரு பொருளில் சிறிதளவு கதிர் வீசும் மருந்தைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். மூளை சர்க்கரையைத் தின்றுதான் வேலை செய்கிறது, எந்த இடம் அதிகமாகத் தின்கிறதோ அந்த இடம் படத்தில் சிவப்பாகத் தெரியும், குறைவாகத் தின்கிற இடம் நீலமாகவும் கறுப்பாகவும் தெரியும். வேகமாக வளரப் போகிற கட்டி பெருந்தீனிக்காரன், அது சிவந்து எரியும். உன்னுடையது சுற்றியிருக்கிற மூளையை விடவும் குறைவாகத் தின்றுகொண்டு சோம்பலாகக் கிடக்கிறது. நாங்கள் எந்தத் திட்டைப் பார்த்து அழுதோமோ, ஆத்தா, அந்தத் திட்டு கறுப்பாக இருந்ததுதான் நல்ல சேதி. அது சிவப்பாக இருந்திருந்தால் முதல் தரம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டிருப்போம்.

அப்படியானால் மெஹ்ராஜ் கழுத்தில் ஏன் கறுப்பு கெட்டது என்று கமருதீன் விடாமல் கேட்டார். அங்கே கொடுக்கிற மருந்து வேறு, பார்க்கிற விஷயம் வேறு, கழுத்திலிருக்கிற சுரப்பி தன் வேலையைச் செய்கிறதா என்றுதான் அதில் பார்ப்பது, வேலை செய்யாத கட்டி மேல் சந்தேகம் வரும், ஒரு படத்தின் நியாயத்தை இன்னொன்றுக்குப் போடக் கூடாது என்று சொன்னார். நான் என் பங்குக்கு, அப்படியானால் இது வளரவே வளராதா என்று கேட்டேன். அப்படிச் சொன்னா நான் டாக்டர் இல்லைய்யா, ஜோசியக்காரி என்றார். அயல் தேசத்தில் இதுவரை இப்படிப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் குறைவாகத் தின்கிற கட்டி உள்ளவர்கள் பெரும்பாலும் வெகு காலம் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் சோம்பலாகக் கிடந்தது சில சமயம் பிறகு விழித்துக்கொள்வதும் உண்டு, அதனால்தான் விடாமல் மறுபடி மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும், விழித்தால் அப்போது கத்தி, இப்போது பேச்சைப் பணயம் வைக்க அவசரம் தெரியவில்லை, ஆனால் நோயாளியை நேரில் பார்க்கிறவர்கள் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்றார். இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மதுரைப் பெரிய தபாலாபீசில் நின்று இரண்டாவது தந்தியை எழுதினேன். கமருதீன்தான் தந்திப் படிவம் பறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அண்ணே, மூணாவது தந்தி ஏதும் மனசுல இருந்தா இப்பவே சொல்லிருங்க, சேத்தே அடிச்சிருவோம், அந்தப் புள்ள பாவம் என்றார். உன் பதில் வரும் வரைக்கும் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. தந்தி போய்ச் சேருவதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டிருப்பார்களோ என்பதுதான் ஒரே எண்ணம். நேற்று உன் தந்தி வந்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மாப்பிள்ளையின் கடிதமும் வந்து சேர்ந்தது. பட்டையின் விவரம், நிறத்தின் அர்த்தம், டாக்டரம்மா சொன்னது அத்தனையும் அச்சடித்தது போல அதில் இருக்கிறது. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, மாப்ள நல்லாத்தான் எழுதுறாரு, தபால்காரன்தான் நமக்குச் சனியன் என்றாள். ராத்திரி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், அப்படிச் சாப்பிட்டுப் பல நாளாகிறது.

அவளுக்கு வரும் என்று எனக்குத் தெரிந்த இரண்டு சந்தேகங்களை டாக்டரம்மாவிடம் அன்றைக்கே கேட்டு வந்தேன், அந்தப் பதிலையும் எழுதிவிடுகிறேன். ஊசியில் போட்ட மருந்து உடம்பில் தங்கிவிடுமா, நீ பேரனைத் தூக்கலாமா என்பது ஒன்று. அது சில மணி நேரத்திலேயே தணிந்துபோகும் ஜாதி, தாராளமாகத் தூக்கலாம். இனிப்பையே நிறுத்திவிட்டால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடாதா என்பது இன்னொன்று. சாகாது, உடம்பே எல்லாச் சாப்பாட்டிலிருந்தும் சர்க்கரை செய்துகொள்ளும், ஆகையால் வழக்கம்போலச் சாப்பிடு. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளை கூடத் தவறவிடாதே, நன்றாக இருக்கிறது என்று நீயாக நிறுத்திவிடாதே. அந்த மாத்திரைக்கு ஈறு தடிக்குமாம், பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள். டாக்டர் சொல்லும் வரை காரை நீ ஓட்ட வேண்டாம். குளிக்கும்போது கதவைத் தாழிடாதே. கண் விழித்து வினாத்தாள் திருத்தாதே.

இங்கே மழை நல்ல மழை. போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து இரண்டு நாள் ஜீப்பு போகவில்லை, மலையில் காய் பறிக்கப் போனவர்கள் மேலேயே தங்கிவிட்டார்கள், இப்போது வழி விட்டாயிற்று. தேவாரம் ஊரில் உன் உக்கிரபாண்டி மாமா வாழைத் தோட்டத்தில் யானை இறங்கி ஒரு பாத்தியைத் துவைத்துவிட்டது. விசாரிக்கப் போனபோது உன் படத்தின் கதையைச் சொன்னேன். அவர் விழுந்த வாழையைப் பார்த்துக்கொண்டே, அப்ப அது திங்காம நிக்கிற யானைன்னு சொல்லுங்க மச்சான், அப்படி ஒண்ணு நின்னா நானும்தான் வெடி போடமாட்டேன், ஆனா கண்ணை எடுக்கவும் மாட்டேன் என்றார்.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒரு கவலை இருக்கிறது. காத்திரு என்று அப்பா எழுதுவது ஆறுதலுக்குத்தான், உள்ளே வேறு எதையோ மறைக்கிறார் என்று நீயும் ஒரு படி குறைத்துப் படித்துக்கொள்வாயோ என்று. நீ எங்கள் பிள்ளைதானே, அந்தப் பழக்கம் உனக்கும் இருக்கும். ஆகவே இனிமேல் நமக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்வோம். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ள அளவில் எழுதுவது. சித்திரையில் எடுக்கப் போகிற படத்தில் அந்த இடம் சிவந்திருந்தால் சிவந்திருக்கிறது என்றே எழுது, நாங்கள் தாங்குவோம். என் பக்கத்திலிருந்து நானே முதலில் ஆரம்பிக்கிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. ஒரு வருஷமாக உனக்கு எழுதவில்லை. வலது கண் முற்றிவிட்டது, தை பிறந்ததும் மதுரையில் ஆபரேஷன், கமருதீன் கூட வருகிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கத்தி வேண்டிய இடம் என் கண், அதற்கு நான் சம்மதித்துவிட்டேன். உன் தலைக்கு இப்போது கத்தி வேண்டாம் என்று நான் சொல்வதையும் இதே போல உள்ளபடி எடுத்துக்கொள். முதல் தந்தியைக் கிழித்துப் போட்டுவிடு. காத்திருப்பதில் நீ அங்கே தனியாக இல்லை, நாங்களும் சேர்ந்து காத்திருக்கிறோம்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நீண்ட ஆயுளோடும் குறையாத பேச்சோடும் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உன் அம்மாவும் பக்கத்தில் நின்று கை தூக்கி ஆசீர்வதித்தாள், கடிதம் கனத்துப் போச்சு, ஒட்டுங்க என்றும் சொன்னாள். மாத்திரையை மறக்காதே.

உன் நலம் ஒன்றே கேட்கும்
அப்பா,
கண்ணுச்சாமி.